பியூர் டேட்டாவில் வயர் மாற்றாமல் எண்ணைப் பிரிப்பது: வில்லுப்பாட்டு ஒத்திகைக்கு ஒரு பேட்ச்

[திரை: காலி பேட்ச். பக்கத்தில் ஒரு மிடி பேட்.]

வணக்கம். தமிழக–கேரள எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு. அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலையில், உற்சவம் என்றால் செண்டை. இரண்டு பக்கமும் வாசிக்கப் போகிறவர்கள் வீட்டில் ஒத்திகை பார்க்க ஒரு பேட்ச் செய்யப் போகிறோம். மேடையில் குடம் அடிப்பவருக்கு இது மாற்று கிடையாது. அவர் வராத நாளில் தாளம் விட்டுப்போகாமல் பாடிப் பார்க்கத்தான்.

பியூர் டேட்டா இலவச மென்பொருள். மில்லர் பக்கெட் 1990களில் எழுதியது. திரையில் பெட்டிகளை வயரால் இணைத்தால் அதுவே நிரல், அதைத்தான் பேட்ச் என்கிறோம்.

மிடி பேட் என்பது தட்டினால் கணினிக்கு எண் அனுப்பும் கருவி. ஒரு பேடைத் தட்டினால் இரண்டு எண் வரும். எந்த பேட் என்பது ஒன்று, எவ்வளவு வேகமாக அடித்தோம் என்பது இன்னொன்று. பல பேட் கருவிகளில் முதல் பேட் 36. அந்த 36 உடுக்கைக்கும், 37 குடத்துக்கும், 38 ஜால்ராவுக்கும் போக வேண்டும்.

[திரை: ரூட் 36 37 38]

எல்லோரும் முதலில் எடுப்பது ரூட், எண்ணைப் பார்த்து வழி பிரிக்கும் பெட்டி. எத்தனை எண் எழுதுகிறோமோ அத்தனை அவுட்லெட் (வெளியே போகும் வழி), எதிலும் சேராததற்குக் கடைசியில் ஒன்று. மூன்று வாத்தியத்துக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அடுத்த வாரம் செண்டையும், அதோடு வரும் கைத்தாளமான இலத்தாளமும் சேர்க்க வேண்டும் என்றால் பெட்டியைத் திறந்து எண் எழுதி, புது வயர் இழுக்க வேண்டும். வாத்தியம் கூடக் கூட வயர் சிக்கலாகிவிடும்.

அதனால் எண்ணையே பெயராக மாற்றிவிடுவோம்.

[திரை: நோட்இன், ஸ்ட்ரிப்நோட், ஸ்வாப், மேக்ஃபைல்நேம், சென்ட்]

சென்ட் பெட்டிக்குப் பெயரே கொடுக்காமல் விட்டால் வலது பக்கம் இன்னொரு இன்லெட் (உள்ளே வரும் வழி) வரும். அதில் எந்தப் பெயரை அனுப்புகிறோமோ, இடது இன்லெட்டில் வரும் எண் அந்தப் பெயருள்ள ரிசீவ் பெட்டிக்கு வயர் இல்லாமலே போகும். பெயரைத் தயாரிப்பது மேக்ஃபைல்நேம். அதன் உள்ளே டாலர் 1, ஒரு கோடு, சதவீதக் குறி, டி என்று எழுதுங்கள். 36 வந்தால் "கொடை-36" என்று பெயர் வரும்; டாலர் 1 எப்படி "கொடை" ஆகிறது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம். கணினியில் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

இப்போது கவனமாகப் பாருங்கள். பியூர் டேட்டாவில் அவுட்லெட்டுகள் வலமிருந்து இடமாகப் பேசும். பேடிலிருந்து எண்களை வாங்கும் நோட்இன் முதலில் வேகத்தைத் தரும், பேட் எண் பிறகுதான் வரும். அப்படியே இணைத்தால் வேகம் பழைய பெயருக்குப் போய்விடும். ஜால்ராவைத் தட்டுகிறீர்கள், ஒலிப்பது அதற்கு முன் தட்டிய உடுக்கை! இடைவெளி விட்டுத் தட்டினாலும் இதேதான் நடக்கும். ஸ்வாப் நடுவில் இருப்பது இதற்காகத்தான். அது பேட் எண்ணை முதலில் வலது வழியாக அனுப்பிப் பெயரை மாற்றும், அப்புறம் வேகத்தை இடது வழியாக விடும். ஸ்ட்ரிப்நோட், கையை எடுக்கும்போது வரும் சைபர் வேகத்தை வடிகட்டிவிடும். இல்லையென்றால் எடுத்த கைக்கும் ஒரு அடி கேட்கும்.

இதைத் தனிக் கோப்பாகச் சேமித்தால் அதன் பெயரே ஒரு புதுப் பெட்டி. பின்னால் "கொடை" என்று எழுதினால் டாலர் 1 இருக்கும் இடத்தில் அது போய் உட்காரும். உற்சவத்துக்கு இன்னொரு பெட்டி போட்டு வேறு பெயர் கொடுங்கள். இரண்டின் பெயர்களும் ஒன்றோடு ஒன்று கலக்காது.

[திரை: வாத்தியக் கோப்பு]

வாத்தியத்துக்கும் ஒரு கோப்பு. உள்ளே ரிசீவ், அதன் பெயர் டாலர் 1, கோடு, டாலர் 2. வெளியே வாத்தியம், கொடை, 36 என்று எழுதினால் போதும், வயரே தேவையில்லை. ரிசீவுக்குக் கீழே, எண்ணை இரண்டாகப் பிரிக்கும் மோசஸ் பெட்டியை 80 என்று எழுதி வையுங்கள். 80க்குக் குறைந்த வேகம் இடது பக்கம் போய் மெல்லிய அடியை ஒலிக்கும், மற்றது வலது பக்கம் போய் ஓங்கிய அடியை ஒலிக்கும். உடுக்கைக்கு இந்தப் பிரிவு கட்டாயம் வேண்டும் என்பேன். ஒரே ஒலியைச் சத்தம் மட்டும் கூட்டிக் குறைத்தால் உயிரே இருக்காது.

ஒரே எண்ணுக்கு இரண்டு வாத்தியப் பெட்டி போட்டால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். வீசுகோல் வில்லில் விழும்போது ஜால்ராவும் கூட வர வேண்டுமென்றால் அப்படிச் செய்யலாம்.

ஒரு சங்கடம் உண்டு. பெயரில் எழுத்து பிசகினால் பியூர் டேட்டா எதுவும் சொல்லாது, சும்மா இருந்துவிடும். சத்தம் வரவில்லையா, மேக்ஃபைல்நேமின் கீழே ஒரு பிரிண்ட் பெட்டியை மாட்டிப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

பதினாறு செண்டை, எல்லாம் ஒரே மாதிரி என்றால் 2016இல் 0.47 பதிப்பில் வந்த குளோன் (ஒரே கோப்பைப் பல நகலாக இயக்கும் பெட்டி) இன்னும் சுலபம். பேட் எண்ணையும் வேகத்தையும் பேக் பெட்டியில் கட்டி அனுப்பினால் முதல் எண்ணைப் பார்த்து அதுவே பிரித்துக்கொள்ளும். வழக்கமாகச் சைபரிலிருந்து எண்ணும். மைனஸ் எஸ் 36 என்று சேர்த்தால் 36இல் தொடங்கும். வில்லுப்பாட்டில் உடுக்கை வேறு, குடம் வேறு என்பதால் நமக்குப் பெயர் வைத்து அனுப்பும் முறைதான் பொருத்தம்.

[திரை: வாத்தியம் கொடை 39]

சரி, இலத்தாளத்தைச் சேர்ப்போம். ஒரு பெட்டி, அதில் 39. நான்காவது பேடைத் தட்டுகிறேன், கேளுங்கள்.