திரியும் வேரும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலை, வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேச்சு மொழியைக் கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். என் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனை யாராவது நிறுத்த முடியுமா? வேண்டாமா? சரி, மே மாதத்தில் கடலூரில் அப்படிக் கேட்டது என் தப்புதான். மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் ஒரு நிமிஷம் நிறுத்தித் தர வேண்டும், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நோட்டீசில் ‘மன அமைதிக்கு மெழுகுவர்த்தியும் மூலிகையும்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் 28 வருஷம் வேதியியல் நடத்தியவள். மெழுகைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். மன அமைதி என்ற பாடத்தில் இன்னும் அரியர் வைத்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே வருகிறேன்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் காற்றின் சத்தம் இன்னும் காதில் இருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் தெருவில் படுத்துக் கிடந்தன. நெய்வேலியில் கரி வெட்டி ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற மாவட்டம், மெழுகுவர்த்திக்கு வரிசையில் நின்றது. எங்கள் தெருவில் விளக்கு எரிய 18 நாள் ஆயிற்று. ஐந்து ரூபாய் மெழுகுவர்த்தியை இருபது ரூபாய்க்கு வாங்கினேன். அதையும் கடைக்காரர், “ஆளுக்கு ரெண்டுதான் டீச்சர்” என்று எண்ணிக் கொடுத்தார்.

எரிந்து மிஞ்சிய அடிக்கட்டைகளை ஒரு பால் பவுடர் டின்னில் சேர்த்துக்கொண்டே வந்தேன். பத்தாம் நாள் டின் முக்கால் நிறைந்தது. கொல்லையில் பப்பாளி மரம் சாய்ந்து கிடந்தது. சின்ன வயதில் நம்மில் பலர் செய்ததுதானே? பப்பாளி இலைக் காம்பு உள்ளே வெறும் குழாய். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியைக் களிமண்ணால் அடைத்து, நடுவே திரியைத் தொங்கவிட்டு, உருக்கிய மெழுகை ஊற்ற வேண்டும். ஆறியதும் காம்பை நீளவாக்கில் கீறினால் பளபளவென்று ஒரு மெழுகுவர்த்தி வெளியே வரும். வந்தது. பெருமையாகக் கொளுத்தினேன். இரண்டே நிமிஷத்தில் கரும்புகை விட்டு அணைந்துபோனது. இன்னொன்று கொளுத்தினேன், அதுவும் அப்படியே. வேதியியல் டீச்சர் வீட்டில்!

காரணம் திரி. சாமி விளக்குக்கு உருட்டி வைத்திருந்த பஞ்சுத் திரியை உள்ளே விட்டிருந்தேன். அகல் விளக்கில் அது அழகாக எரியும். ஏனென்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் ஊற்றுகிறோம், நுனி கருகினால் தூண்டிவிடுகிறோம். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அப்படி ஆள் உட்கார முடியாது. உட்கார்ந்த காலமும் உண்டு. மேல்நாட்டில் கத்தரிக்கோல் மாதிரி ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கருகிய நுனியை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். 1825 வாக்கில் பிரான்சில் ஒருவர் திரியைப் பின்னிப் பார்த்தார். ஜடை பின்னுகிற மாதிரிப் பின்னல்தான். பின்னிய திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் ஓரத்துக்குப் போகும். அங்கே சூடும் அதிகம், காற்றும் கிடைக்கும், நுனி தானாகவே சாம்பலாகிவிடும். தூண்டாமணி விளக்கு, தூண்டாமணி விளக்கு என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதை ஒரு பின்னல் நடத்திக் காட்டிவிட்டது.

அதே 1825-ல்தான் செவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், நண்பர் கே-லுசாக்கோடு சேர்ந்து, கொழுப்பிலிருந்து பிரித்த அமிலங்களால் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். அதுவரை ஏழை வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்தி. நாறும், வெயிலில் குழைந்துபோகும். இன்றும் பாரஃபின் மெழுகு 100 கிராமுக்கு, அந்த அமிலங்களில் ஒன்றான ஸ்டியரிக் அமிலம் பத்து கிராம் சேர்த்தால் வர்த்தி கெட்டியாக நிற்கும், நம் ஊர் வெயிலுக்குக் கட்டாயம் வேண்டும். செவ்ரெல் 102 வயது வரை இருந்தார். மெழுகு உருக்கினால் ஆயுள் கூடும் என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

உருக்குவதைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. தானே புயல் முடிந்த அடுத்த வருஷம், பொழுதுபோக்காக இதைத் தொடர்ந்தேன். ஒருநாள் டின்னை நேராக அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். தண்ணீர் சூடேறினால் தளதளவென்று சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடும். மெழுகு கூப்பிடாது. 60 டிகிரியில் உருகி, பேசாமல் சூடேறிக்கொண்டே போகும். 200 டிகிரியைத் தாண்டினால் புகையும், அப்புறம் டின்னின் வாயில் தீ பிடித்துக்கொள்ளும். நான் ஓடி வந்து சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டேன். என் மாமியார் கையைத் தட்டிவிட்டார். இட்லிப் பானை மூடியைத் தூக்கி டின் மேல் கவிழ்த்து, கேஸை மூடினார். தீ அடங்கிவிட்டது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் ஊற்றியிருந்தால் அது மெழுகுக்கு அடியில் போய், கணத்தில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரிகிற மெழுகைக் கூரை வரைக்கும் வாரி இறைத்திருக்கும். இதைப் பலமுறை கரும்பலகையில் எழுதியவள் நான். அடுப்படியில் தெரிந்திருந்தது அவருக்கு.

அதனால் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, அதற்குள் டின். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, மெழுகும் போகாது. தண்ணீர் வற்றிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு மூடி. போன் வேறு அறையில்.

வாசனைக்கு வருகிறேன். இறக்கி வைத்து, கொஞ்சம் சூடு தணிந்த பிறகு எண்ணெய் விட வேண்டும். கொதிக்கக் கொதிக்க விட்டால் வாசனை சமையலறைக்குத்தான், வர்த்திக்கு இல்லை. 100 கிராம் மெழுகுக்கு ஐந்து கிராம் எண்ணெய் போதும். அதிகம் விட்டால் அதிகம் மணக்கும் என்று நினைப்போம். மெழுகு அத்தனையையும் பிடித்து வைக்காது, மேலே வியர்த்து நிற்கும். கற்பூரம் போடவே போடாதீர்கள். அப்புறம் இந்த இன்ஸ்டாகிராம் அழகு: மெழுகின் மேல் காய்ந்த ரோஜா இதழ், பட்டை, வெட்டிவேர்த் துண்டு. பார்க்க லட்சணமாக இருக்கும். எரிந்து இறங்கும்போது ஒவ்வொன்றும் ஒரு திரியாகிவிடும். ஒரு சுடருக்குப் பதில் ஆறு சுடர், கண்ணாடி டம்ளர் வெடிக்கும். மூலிகையை மூக்குக்கும் வாய்க்கும் வையுங்கள், தீக்கு வேண்டாம்.

வெட்டிவேர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த என் தோழி சொன்னது. பிரெஞ்சில் மெழுகுவர்த்திக்குப் ‘பூஜி’ என்று பெயர். அல்ஜீரியாவில் தேன்மெழுகு ஏற்றுமதியான ஒரு துறைமுகத்தின் பெயராம் அது. வெட்டிவேருக்குப் பிரெஞ்சில் என்ன தெரியுமா? ‘வெத்திவேர்’. நம்மிடமிருந்து போன சொல். பாரிசில் சென்ட் போடுகிறவர்கள் வாயில் தமிழ்!

அந்த வேர் நம் வாசலிலேயே விளைகிறது. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் கடலோர மணலில் போடுகிறார்கள். மணலாக இருந்தால் வேர் உடையாமல் நீளமாக வரும். ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்து தோண்டுகிறார்கள். எண்ணெய் எடுக்க ஆவி கட்டினால் ஒரு பகல் ஓர் இரவு ஆகும். காய்ந்த வேர் 100 கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் தேறும். அதனால்தான் அந்த விலை. இதை வாங்கி மெழுகில் ஊற்றாதீர்கள் என்பதுதான் என் கட்சி. வெட்டிவேர் எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, சோம்பேறிகள். மெழுகுச் சூட்டில் எழும்பி அறைக்குள் வர அவற்றுக்கு மனம் வராது. எலுமிச்சைப்புல் எண்ணெய் லேசு, உடனே பறக்கும், விலையும் குறைவு. வர்த்திக்கு அதை விடுங்கள். வெட்டிவேரை ஒரு பிடி கழுவி, வெள்ளைத் துணியில் முடிந்து, மண்பானையில் போடுங்கள். மத்தியானம் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் எனக்கு என் பாட்டி வீட்டுத் திண்ணை வருகிறது. வாசனை மூளையில் போகிற பாதை அப்படி. மற்றப் புலன்களுக்கு இடையில் ஒரு காவல்காரர் உண்டு. மூக்கு மட்டும் உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கிற வீட்டுக்குக் கொல்லை வழியாக நேரே நுழைந்துவிடும்.

விளக்கையும் மூலிகையையும் சேர்த்துப் பேச நம் மாவட்டத்துக்கு ஒரு பாத்தியதை உண்டு. வடலூர் வள்ளலார் 1867-ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. 1872-ல் ஞானசபையைத் தொடங்கினார், அங்கே தைப்பூசத்துக்கு ஏழு திரை விலக்கிச் சோதி காட்டுகிறார்கள். அதே வள்ளலார்தான் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் தினமும் சாப்பிடச் சொன்னவர். கீரையாகச் சொன்னார். கவனியுங்கள், காப்ஸ்யூலாக இல்லை.

இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேசப் போகிறேன். “மூலிகைதானே டீச்சர், பக்கவிளைவு கிடையாது” என்று சொல்லாதவர் இல்லை. விளைவு இருக்கிற பொருளுக்குத்தான் பக்கவிளைவும் இருக்கும். பக்கவிளைவே இல்லை என்றால் விளைவே இல்லை என்று அர்த்தம். துளசி நாலு இலை, வல்லாரைத் துவையல் வாரம் ஒருமுறை, மருதாணிப் பூவைத் தலையணைக்கு அடியில் வைப்பது, இதெல்லாம் வீட்டு வழக்கம், யாரும் பயப்பட வேண்டாம். ஜாதிக்காய் அப்படி இல்லை. தூக்கத்துக்கு என்று பாலில் ஒரு சிட்டிகை உரைத்துக் கொடுப்பார்கள். சிட்டிகை ஒரு ஸ்பூன் ஆனால் நெஞ்சு படபடக்கும், நாக்கு வறளும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அமுக்கரா சூரணம் நல்ல மருந்து, சித்த மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதுதான். ஆனால் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. அதிமதுரத்தை மாதக்கணக்கில் கஷாயம் வைத்துக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். இதையெல்லாம் டாக்டரிடம் போகும்போது சொல்லுங்கள். “வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் நாம் “இல்லை” என்கிறோம். கஷாயத்தை நாம் மருந்தாகவே எண்ணுவதில்லை!

இன்னொன்று. தூக்கம் வரவில்லை என்று மூலிகை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “சாயங்காலக் காபி எத்தனை மணிக்கு?” ஆறு மணிக்குக் குடித்த டிகிரி காபியில் பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அப்புறமும் நாட்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்றால் அது துளசிக்கும் மெழுகுவர்த்திக்கும் அடங்குகிற விஷயம் இல்லை. மனநல உதவிக்கு 14416 என்று அரசாங்க எண் இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். தானேவுக்குப் பிறகு என் வீட்டிலேயே ஒருவர் காற்றடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அன்று இந்த எண் இல்லை, எங்களுக்கு விவரமும் இல்லை. வெட்டிவேர்த் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

அப்படியானால் நீங்கள் ஏன் இன்னும் மெழுகு உருக்குகிறீர்கள் என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. ஊற்றிய மெழுகு ஆற மூன்று நாலு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் விரிசல் விடும். குழந்தை மாதிரி நடுவில் தொட்டுப் பார்த்தால் பள்ளம் விழும். என்னால் ஒன்றும் செய்ய முடியாத நாலு மணி நேரம் வாரத்தில் ஒருமுறை எனக்குக் கிடைக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வேறு வழியில் அது கிடைக்கவில்லை.

வீட்டில் கொளுத்துகிறவர்களுக்கு மட்டும்: திரியை அரை சென்டிமீட்டருக்கு நறுக்குங்கள். முதல் தடவை எரிக்கும்போது மேல்பரப்பு ஓரம் வரை உருகும் மட்டும் அணைக்காதீர்கள், இல்லாவிட்டால் நடுவில் கிணறு வெட்டிக்கொண்டு இறங்கும். கொசுவலை, திரைச்சீலை, தாவணி முந்தானை பக்கத்தில் வேண்டாம்.

ஃபாரடே என்ற விஞ்ஞானி 1860-ல் லண்டனில் குழந்தைகளுக்கு ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு பேச்சு பேசினார். எனக்கு நாற்பது நிமிஷம் கொடுத்தீர்கள், அதுவும் முடிந்தது. அவர் காட்டிய ஒன்றை மட்டும் காட்டிவிட்டு இறங்குகிறேன். இதோ ஊதி அணைக்கிறேன். வெள்ளையாக ஒரு கோடு எழும்பும், புகை என்று நினைப்போம். அது உறைந்துகொண்டிருக்கிற மெழுகு ஆவி. திரியைத் தொடாமல், ஒரு விரல் கடை உயரத்தில், அந்தக் கோட்டில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தானாகக் கீழே குதித்துத் திரியில் உட்காரும்.

தம்பி, இப்போது அந்த ஃபேனை நிறுத்துங்கள்.