வெற்றிலை வாய் மீனுக்கு நாலு விளக்கு

[திரையில்: ஒரே மீனின் நாலு படங்கள், பக்கம் பக்கமாக]

இந்த நாலு படத்திலும் இருப்பது ஒரே மீன்தான். போனும் மாறவில்லை. முதல் படத்தில் ரோசா பூசிய மாதிரி, இரண்டாவதில் செங்கல் தூள், மூன்றாவதில் தோடம்பழச் சாறு. நாலாவதைக் கடைசியில் பார்ப்போம்.

மீனை முதலில் அறிமுகப்படுத்தி விடுகிறேன். கடைகளில் பிளாக் ரூபி பார்ப் என்பார்கள். சிங்களத்தில் புலத் ஹபயா, அதாவது வெற்றிலை மெல்லுபவன். இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன். களனி கங்கையிலிருந்து தெற்கே நில்வளா கங்கை வரை, மர நிழல் விழும் ஓடைகளில் இருக்கும். ஆண் மீனுக்கு உற்சாகம் வந்தால் தலைப்பக்கம் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவக்கும், பின்பாதி கறுத்துவிடும். மற்ற நேரத்தில் மங்கிய உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, அவ்வளவுதான்.

[காட்சி: ரோசா விளக்கின் கீழ் மீன்]

கடையில் ஒரு சோடியைப் பார்த்து மயங்கி, பையில் போட்டு, காலி வீதி பஸ்ஸில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். வீட்டுத் தொட்டியில் விட்டால் சாயம் போன சேலை! ஏமாந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பாதிக் காரணம் கடையில் எரிந்த ரோசா விளக்கு. அதில் சிவப்பும் நீலமும் தூக்கலாக, பச்சை குறைவாக இருக்கும். சிவப்பு மீனுக்கு அது மேக்கப். மற்றப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

[காட்சி: வெள்ளை எல்இடி]

வீட்டில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு. பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் மலிவான வெள்ளை எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. மீனின் சிவப்பு, சாப்பாட்டிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமி. தன் மேல் விழும் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. விழாததை எப்படி அனுப்பும்? போனில் வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பை, எவ்வளவு திருகினாலும், இருக்கும் சிவப்பைப் பெருக்கலாமே தவிர இல்லாததை வரவழைக்க முடியாது. அதனால் விளக்கு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல், பெட்டியில் சிஆர்ஐ 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது.

என் தொட்டியில் இருக்கும் இன்னொரு மீன் நியான் டெட்ரா. அதன் நீலக் கோடு வேறு சாதி. அதில் நீல நிறமியே இல்லை. தோலுக்குள் குவானின் படிகங்கள் மெல்லிய தட்டுகளாக அடுக்கியிருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது நீலம் பிறக்கிறது. சவர்க்காரக் குமிழியில் நிறம் வருவதும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் இந்தக் கோட்டுக்கு விளக்கின் தரத்தைவிடக் கோணம் முக்கியம். என் விளக்கைத் தொட்டியின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கக் கண்ணாடியோரம் நகர்த்தினேன். செத்துக் கிடந்த கோடு எரிய ஆரம்பித்தது. ஐந்து சதம் செலவில்லை.

[காட்சி: மாலை வெயில்]

மூன்றாவது படம் கடல் பக்க யன்னலில், மாலை ஐந்தரை மணிக்கு எடுத்தது. வடிவாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வெயிலில் சுவரும் சிவப்பு, நானும் சிவப்பு. இதை மீனின் நிறம் என்று யாரிடமும் காட்ட முடியாது. தினமும் அந்த வெயில் பட்டால் கண்ணாடியில் பாசி வேறு பிடிக்கும்.

சரி, எப்படி எடுப்பது? ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியை மீன் நீந்தும் இடத்திலேயே தண்ணீருக்குள் பிடியுங்கள். கரண்டி வெள்ளையாகத் தெரியும்வரை போனின் வெள்ளைச் சமநிலையில் கெல்வினை மாற்றி, அங்கேயே நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் மீன் திரும்பும் ஒவ்வொரு தடவையும் போன் புது முடிவெடுக்கும். கடல்மீன் தொட்டியின் கடும் நீல விளக்குக்கு இது போதாது. அங்கே லென்சுக்கு முன் தோடம்பழ நிற வடிகட்டி வேண்டும், அல்லது படம் எடுக்கும் நேரம் வெள்ளை விளக்கைப் போடவேண்டும்.

அறை விளக்கை அணையுங்கள், கறுப்புச் சட்டை போடுங்கள், லென்சைக் கண்ணாடியோடு நேராக ஒட்டிப் பிடியுங்கள். பிரதிபலிப்பு போய்விடும். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் அந்த வேகத்தில் ஓடும் மீன் கலங்கும், அது நிற்கும் கணத்துக்குக் காத்திருக்கவேண்டும். தனி பிளாஷ் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. தொட்டிக்கு மேலே வைத்து, ஒரு வெள்ளைத் தாளால் மூடி அடியுங்கள். முன்னால் இருந்து மட்டும் வேண்டாம், கண்ணாடிதான் மின்னும்.

[காட்சி: கறுப்பு மணல் போட்ட தொட்டி]

இப்போது அந்த மற்றப் பாதி. பயந்த மீன் வெளுக்கும். வெள்ளை மணலுக்கு மேல் நிற்கும் மீனும் வெளுக்கும். இருட்டில் இருந்த மீனுக்குத் திடீரென்று விளக்கைப் போட்டாலும் அப்படித்தான், அரை மணி நேரமாவது விடுங்கள். பஸ்ஸில் பையோடு குலுங்கி வந்த என் மீன் வேறு எப்படி இருக்கும், பாவம்? அடியில் கறுப்பு மணல் போட்டேன், செடி வைத்தேன், இரண்டு வாரம் கெமராவைத் தொடவில்லை. அப்புறம் இன்னொரு ஆண் மீன் வாங்கி விட்டேன்.

[திரையில்: நாலாவது படம், முழுத்திரை]

இரண்டாவது படத்தை எடுத்த அதே வெள்ளை எல்இடிதான் இது. விளக்கு இன்னும் மாற்றவில்லை. புதிய ஆண் எதிரே வந்து செட்டையை விரித்தது, இவர் வெற்றிலை போட்டுவிட்டார்.