மழை தகரத்தில் விழும்போது நெஞ்சு ஏன் அடிக்கிறது?

வணக்கம் நேயர்களே. வானொலியில் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நரம்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நரம்பு என்றதும் சிலருக்கு நரம்புத் தளர்ச்சி லேகியம் ஞாபகம் வந்திருக்கும். நான் அதை விற்க வரவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவன் நான். அங்கே ஒரு அக்கா வருவார். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டார்கள் என்றால் கணக்கப்பிள்ளையை மறித்து நியாயம் கேட்கிற அக்கா, பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை வந்தால் போதும், காலையிலேயே வாசலில் நிற்பார். "ஐயா, ராத்திரி மழை தகரத்துல விழுந்தா நெஞ்சு அடிக்குது, கை காலெல்லாம் சில்லுன்னு போயிருது." பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நானும் அதையேதான் சொன்னேன். ஒன்றுமில்லம்மா, பயப்படாதீங்க, இந்த விட்டமினைப் போடுங்க. இப்படியே சில வருடம் ஓடியது. ஒருநாள் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் எங்க ஐயா பயப்படுறேன்? அது தானா அடிக்குது!"

அந்தத் 'தானா' என்ற சொல்தான் இன்றைக்கு என் பேச்சு முழுக்க. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குத் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்று பெயர். நாம் சொல்லிக் கேட்காமல் தானாகவே இதயத்தை, குடலை, வியர்வையை நடத்துகிற நரம்புகள். அதில் ஒரு பகுதி ஓடச் சொல்லும், இன்னொரு பகுதி அமரச் சொல்லும். கொழுந்து மலையில் திடீரென்று சிறுத்தையைக் கண்டவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறுத்தை என்று மனசு எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கால் எகிறிவிடும். சிறுநீரகத்தின் தலையில் குல்லா போட்டதுபோல ஒரு சுரப்பி இருக்கிறது, அதிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாக அடிக்கும், வாய் வறண்டுபோகும், இரத்தம் குடலை விட்டுவிட்டுக் கை கால் தசைகளுக்குப் பாயும். பின்னாலேயே அதே சுரப்பியிலிருந்து கோர்ட்டிசோல் என்ற இன்னொரு சுரப்பு வரும், அது இறங்க இன்னும் நேரமாகும்.

நம்முடைய பாட்டிமார் இதைத்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. அமெரிக்காவில் வால்டர் கேனன் என்றொரு உடலியல் அறிஞர், நூறு வருடத்துக்கும் முன்னால், பூனைக்குச் சாப்பாடு கொடுத்து எக்ஸ்ரேயில் அதன் வயிறு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ வயிற்றின் அசைவு நின்றுவிட்டது. புளி கரைவதை எக்ஸ்ரேயில் பார்த்த மனுஷன்!

சரி, அக்காவுக்கு வருவோம். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து தொழிலாளர்கள் இருந்த லய வீடுகள் மண்ணுக்குள் போனது உங்களுக்குத் தெரியும். இந்த அக்காவுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவருடைய லயத்துக்கு மேலேயும் ஒரு மேடு இருக்கிறது. இதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, முதல் தவறு என்னுடையதுதான். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்தையும் அதோடு வந்த சத்தத்தையும் ஒன்றாக முடிந்து வைத்துக்கொள்வது அதுதான். பிறகு சத்தம் மட்டும் வந்தாலும் உடம்பு ஓடத் தயாராகிவிடும். அதனிடம் போய்ப் பயப்படாதே என்றால் அதற்கு என்ன விளங்கும்? தமிழ் தெரியாதவரிடம் தமிழில் சத்தம் போடுகிற கதைதான்.

சரி, அதற்கு எந்தப் பாஷை விளங்கும்? இங்கே ஒரு தவளைக் கதை சொல்ல வேண்டும், தம்பி கோபிக்கக் கூடாது. ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்றொரு அறிஞர். ஈஸ்டர் காலத்தில் ஒரு இரவு கனவில் ஒரு பரிசோதனை தோன்றியது, எழுந்து துண்டுக் கடதாசியில் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே விளங்கவில்லை! நம்ம டாக்டர்மாரின் மருந்துத் துண்டை வாசித்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பவும் வந்தது. இந்த முறை எழுதிக்கொண்டிருக்கவில்லை, நேரே ஆய்வுகூடத்துக்கு ஓடினார். இரண்டு தவளைகளின் இதயம். ஒன்றில் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அது கிடந்த திரவத்தை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார், நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவாகிவிட்டது. நரம்பு இரசாயனத்தால் பேசுகிறது என்று காட்டியது அந்தத் திரவம்தான். 1921இல் வெளியிட்டார், 1936இல் நோபல் பரிசு.

அந்த வேகஸ் நரம்புதான் நம்முடைய பிரேக். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இதயம், நுரையீரல், வயிறு வரை இறங்குகிறது. அதில் உள்ள இழைகளில் சுமார் 80 வீதம் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. அதாவது, திரும்பவும் சொல்கிறேன், மூளை உடம்புக்குச் சொல்வதைவிட உடம்பு மூளைக்குச் சொல்வது அதிகம்.

இப்போது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வையுங்கள். இடது மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே, வலது கையின் மூன்று விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். இன்னும் மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். விடும்போது நாடி கொஞ்சம் தாமதிக்கிறதா? வயது போனவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது, பயப்பட வேண்டாம், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பாருங்கள். மூச்சு வெளியே போகும்போதெல்லாம் வேகஸ் இதயத்தை இழுத்துப் பிடிக்கிறது. தானாக நடக்கிற அந்த வீட்டில் நம் கைக்கு எட்டுகிற கதவு மூச்சு ஒன்றுதான்.

அக்காவிடம் பயிற்சி என்று சொன்னால் கேட்கமாட்டார். பேத்தியை மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடச் சொன்னேன். ஆராரோ, ஆரிரரோ என்று ஒரு வரியை இழுத்துப் பாடிப் பாருங்கள், அது முழுக்க வெளிமூச்சுதான். பக்கத்தில் ஒரு சூடான பிள்ளையும் இருக்கிறது. மழை நின்றுவிடவில்லை, படபடப்பும் அடியோடு போகவில்லை. ஆனால் அடுத்த கார்த்திகையில் அவர் இரண்டு தடவைதான் வாசலுக்கு வந்தார், அதில் ஒரு தடவை பேத்தியின் சளிக்கு.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கும்போது மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். மேட்டில் வெடிப்பு இருந்தால் உங்கள் உடம்பு சொல்வதுதான் சரி. அதேபோல நெஞ்சு வலித்து, இடது கைக்கும் பரவி, வியர்த்துக் கொட்டினால் அங்கே தாலாட்டுக்கு வேலையில்லை, உடனே ஆஸ்பத்திரி.

தம்பி கை காட்டிவிட்டார். சாயங்காலச் சாராயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், அது போச்சு. படுத்ததும் தூக்கம் வருகிறதே என்பார்கள், வரும், நடுராத்திரியில் கலைத்தும் விடும், இவ்வளவுதான் சொல்ல நேரம். பரீட்சைக்கு முன்னால் வயிற்றுவலி என்கிற பிள்ளையைப் பொய் சொல்கிறாய் என்று அடிக்காதீர்கள், வலி நிஜம். வாரக்கணக்காகத் தூக்கமில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் 1926க்கு அழையுங்கள், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். ஒன்று, ஒன்பது, இரண்டு, ஆறு. வணக்கம்.