ராத்திரி முழுக்க அடுப்பில் இருந்த குழம்பு

வணக்கம் நேயர்களே. பாக்டீரியா எப்படி வளர்கிறது, அதற்கு என்னென்ன வேண்டும் என்று கொஞ்ச நேரம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. இங்கே சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். மாணவர்கள் வருவதற்கு முன்னால் கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்க்கிற அகார் கூழை ஊற்றி வைப்பேன், பாடம் முடிந்ததும் எல்லாவற்றையும் அழுத்தத்தில் அவித்து அப்புறப்படுத்துவேன். கிருமிகளுக்குச் சமைத்துப் போட்ட ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவற்றுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஓரளவு தெரியும்.

இவ்வளவு தெரிந்த நானே ஒரு தடவை என் கையால் சமைத்து மொத்தக் குடும்பத்தையும் படுக்க வைத்திருக்கிறேன். பேத்தியின் முதல் பிறந்தநாள். மறுநாள் மதியம் இருபத்தைந்து பேர் சாப்பிட வருகிறார்கள் என்று முந்தின ராத்திரியே தேக்கா சந்தையில் வாங்கி வந்த ஆட்டிறைச்சியைப் பெரிய பானையில் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி போட்டு அடுப்பிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பானையைத் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் எனக்கு வந்த எச்சரிக்கை, ஆனால் விருந்து நாள் பரபரப்பில் அது மண்டையில் ஏறவில்லை. சொந்தக்காரர்கள் வரத் தொடங்கியதும் லேசாகச் சூடாக்கிப் பரிமாறிவிட்டோம். வாசனை அருமை, ருசி அதைவிட அருமை, இரண்டாவது தடவை கேட்டு வாங்கியவர்கள் பாதிப் பேர்.

ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. எங்கள் நாலறை வீட்டில் இருப்பது இரண்டு கழிப்பறைதான், மேலே கேட்காதீர்கள்.

குழம்பைச் சோதனைக்கு அனுப்ப மிச்சம் இல்லை, ஆகவே இந்தக் கிருமிதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சாப்பிட்டுப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசைகிற வலி, பேதி, காய்ச்சல் கிடையாது, வாந்தியும் அநேகமாகக் கிடையாது, ஒரே நாளில் சரியாகிவிட்டது என்றால் ஆய்வுக்கூடத்தில் இருந்தவனுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும்: கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். பெரிய பானையில் செய்கிற குழம்பும் இறைச்சியும் அதற்கு ரொம்பப் பிடித்த இடம்.

ஏன் என்று கேட்டால், அதிலேயே இன்றைய விஷயம் பாதி வந்துவிடும். கொதிக்க வைத்தால் உயிரோடு இருக்கும் பாக்டீரியா செத்துவிடும், ஆனால் இந்த வகை தன்னைச் சுற்றி ஒரு தடித்த கூடு கட்டி விதை மாதிரி அடங்கிவிடும், அதை ஸ்போர் என்பார்கள், சாதாரணக் கொதிப்பு அதை ஒன்றும் செய்யாது. கொதித்ததில் குழம்பிலிருந்த காற்று வெளியேறிவிடுகிறது, இந்தக் கிருமிக்கோ ஆக்சிஜன் ஆகாது, ஆக அதற்கு வசதி. போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளையும் நாமே வேகவைத்துக் கொன்றுவிட்டோம். அப்புறம் பானை பெரியது, குழம்பு கெட்டி, மேலே மூடி வேறு; ஆறுவதற்கு விடிய விடிய ஆகிறது. ஐம்பது டிகிரிக்குக் கீழே இறங்கியதும் விதை முளைக்கிறது. நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து டிகிரியில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒன்று இரண்டாகிறது. காலையில் குழம்பு முழுக்கப் பொங்கப் பொங்கக் கொதித்திருந்தால், கூட்டை விட்டு முளைத்துப் பெருகிய அவை செத்திருக்கும். நான் செய்தது குளிருக்கு வெந்நீர் காட்டிய கதை.

இந்த இரண்டாகிற கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பாக்டீரியா முட்டையும் இடாது, குட்டியும் போடாது. சாப்பிட்டு நீளும், நடுவே சுவர் எழும், இரண்டாகப் பிரியும், அவ்வளவுதான் அதன் குடும்ப வாழ்க்கை. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல சாப்பாடும் 37 டிகிரியும் கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகும். ஒரே ஒன்றில் ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் எட்டு, அடச்சே எட்டுதானா என்று இருக்கும். நாலு மணி நேரத்தில் 4,096. ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டும். பத்து மணி நேரத்தில் நூறு கோடிக்கு மேல். ராத்திரி பத்து மணிக்கு மூடி வைத்துக் காலை எட்டு மணிக்குத் திறந்தால் எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள்.

நல்ல வேளை, கிருமி விழுந்த உடனே இந்த ஓட்டம் தொடங்குவதில்லை. புது இடத்துக்கு வந்தால் அதற்கும் சாமான் பிரித்து அடுக்கக் கொஞ்ச நேரம் வேண்டும், கிடைத்த சாப்பாட்டுக்கு ஏற்ற நொதிகளைத் தயாரித்துக்கொள்ளும். அந்த ஆரம்ப மந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கிற சலுகை. அதற்குப் பிறகு தலைதெறிக்கிற வேகம், அப்புறம் சாப்பாடு தீர்ந்து கழிவு சேர்ந்து தேக்கம், கடைசியில் சாவு. தேக்கத்துக்காக நாம் காத்திருக்க முடியாது, அதற்குள் குழம்பில் குழம்பே இருக்காது.

சரி, சாப்பாடும் இளஞ்சூடும் போதுமா என்றால், உங்கள் காலை மேசையைப் பாருங்கள். ராத்திரி முழுக்க வெளியே இருந்த மாவில் சுட்ட இட்லி. பக்கத்தில் காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி, அதை மதியம் வரை வெளியே வைத்தால் நூல் விடும். இரண்டும் அதே சமையலறை, அதே முப்பது டிகிரி. மாவு மட்டும் எப்படித் தப்பிக்கிறது? மாவுக்குள்ளும் பாக்டீரியாதான், அதுவும் கோடிக்கணக்கில். உளுந்தோடு கூடவே வருகிற லியூக்கோநாஸ்டாக் என்ற கூட்டம் முதலில் பெருகி, வாயு விட்டு மாவைப் பொங்க வைக்கிறது, கூடவே அமிலத்தையும் விடுகிறது. மாவு புளித்து பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) நாலரை வாக்கில் இறங்கும்போது பல நோய்க்கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு நடத்துவது கஷ்டம். நம் பாட்டிமார்கள் நல்ல பாக்டீரியாவை வைத்துக் கெட்டதைத் துரத்தியிருக்கிறார்கள், பெயர் தெரியாமலேயே. சட்னிக்கு அந்தக் காவல் இல்லை. ஈரம் உண்டு, சத்து உண்டு, புளிப்பு இல்லை. இதே மாவை ஏர்கான் அறையில் வைத்துப் பாருங்கள், காலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். லண்டனில் இருக்கும் என் தங்கை குளிர்காலத்தில் மாவுச் சட்டியை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுவாள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை, இந்தத் தீவே ஒரு ஓவன்தான்.

ஈரம் என்றேன். கருவாடும் வற்றலும் கெடாமல் இருப்பது அதனால்தான். கருவாட்டில் தண்ணீர் அறவே இல்லை என்று அர்த்தமில்லை, இருக்கிற தண்ணீரை உப்பு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, கிருமியால் உறிஞ்ச முடியாது. ஊறுகாய்க்கு உப்பு, ஜாமுக்குச் சர்க்கரை, வழி ஒன்றுதான்.

ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்க 1880 வாக்கில் ஜெர்மனியில் கிருமி ஆய்வாளர் ராபர்ட் காக் கூட்டத்தார் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். கொஞ்சம் சூடு ஏறினால் அது உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்றுவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய ஒரு பொருளைப் போட்டுப் பார்க்கச் சொன்னார், 1881-இல். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த டச்சுக்காரர்களிடமிருந்து அவர் கற்றது அது. நம் பிள்ளைகள் பச்சை சிவப்பு நிறத்தில் தின்கிற அதே அகார்-அகார், மலாய்ப் பெயரோடு இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது.

அப்புறம் மூக்கை நம்புகிற பழக்கம். முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். நாற்றம் எடுக்க வைக்கிற பாக்டீரியா வேறு, ஆளைச் சாய்க்கிற பாக்டீரியா பெரும்பாலும் வேறு. "திரும்பச் சூடு பண்ணிவிட்டால் போச்சு" என்பதும் எப்போதும் செல்லாது. வெளியே கிடந்த சோற்றில் பாசிலஸ் சீரியஸ் என்ற ஒன்று பெருகி ஒரு நஞ்சை விட்டுவிட்டால், கிருமி செத்தாலும் அந்த நஞ்சு வாணலிச் சூட்டுக்கு அசையாது. ஆகவே குழம்போ சோறோ, சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே கிருமி சாகாது, அநேகமாகத் தூங்கும். லிஸ்டீரியா மாதிரி சில, குளிரிலும் மெதுவாக நடமாடும்.

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் என்ற கலவை உணவைச் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்று இரண்டு பேர் இறந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். அதில் சிக்கியது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், கடல் உணவோடு வருவது, இளஞ்சூட்டில் அதுவும் படுவேகமாகப் பெருகும். பச்சைக் கடல் உணவிலிருந்து மற்றப் பொருள்களுக்குத் தாவியிருக்கலாம் என்றார்கள்.

இங்கே கேட்டரிங் சாப்பாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள், எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவே நாலு மணி நேரத்துக்கு மேல் சாப்பாடு இருக்கக் கூடாது என்ற கணக்கு அது, நாம் மேலே போட்ட இருபது நிமிடக் கணக்கின் பிள்ளை. போன மாதம் எங்கள் புளோக் கீழே ஒரு கல்யாண விருந்து. நேரம் தாண்டிவிட்டது, பிரியாணி பாதித் தட்டு மிச்சம், ஒரு அக்கா டப்பா கொண்டுவந்து தாபாவ், அதாவது வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக, கேட்கிறார், கேட்டரிங் தம்பி தயங்குகிறான், சீட்டைக் காட்டுகிறான். "இவ்வளவு சாப்பாட்டையும் குப்பையில் கொட்டுவீங்களா, பாவம் இல்லையா?" என்று அவர் சத்தம் போட, நான் போய், அந்தத் தம்பி சொல்வது சரிதான்க்கா என்றேன். அக்கா டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். லிஃப்ட்டில் பார்த்தால் இன்னும் என்னோடு பேசுவதில்லை.