மல்லிகை நடுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 18 ஆண்டுகள் வேலை பார்த்த நான், அதை விட்டுவிட்டு திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைக்கு அருகே அப்பாவின் 50 சென்ட் நிலத்தில் மல்லிகை நட்டு இது ஐந்தாவது ஆண்டு. இதே எண்ணத்தில் இருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கிலோ என்ன விலை போகிறது என்பதைத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். அதனாலேயே முதல் இரண்டு ஆண்டுகள் துன்பப்பட்டேன்.

தை மாத முகூர்த்த நாள்களில் மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டும் செய்தியைப் பார்த்து, அதில் பாதி விலையாவது ஆண்டு முழுவதும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு விலை ஏறுவதற்குக் காரணமே அப்போது செடியில் பூ இல்லாததுதான் என்பது பிறகுதான் விளங்கியது. மார்கழிப் பனியில் மொட்டு சரியாகப் பிடிக்காது. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுக் கிளைகளை வெட்டி, அதாவது கவாத்து செய்த செடியோ அப்போதுதான் துளிர்த்துக்கொண்டிருக்கும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏறப் பூ கொட்டும்போது, அதே சந்தையில் 200 ரூபாய்க்கும் கீழே இறங்கும் நாள்கள் உண்டு. மிஞ்சியதை வாசனைத் திரவியம் எடுக்கும் கம்பெனிக்குத்தான் போட வேண்டும்.

செடி வளர்ப்பது அவ்வளவு கடினமன்று. ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து பதியன்களை, அதாவது வேர்விட்ட நாற்றுகளை வாங்கி, செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளியில், தொழு உரமிட்ட ஒரு கன அடிக் குழிகளில் நட்டேன். சுமார் 1,300 செடிகள் பிடித்தன. ஆறு மாதத்தில் பூ எட்டிப்பார்க்கும், மூன்றாம் ஆண்டிலிருந்து நன்றாகப் பூக்கத் தொடங்கும். அதுவரை வீட்டுச் செலவுக்குப் பணம் தனியே இருக்க வேண்டும்.

கடினமானது பறிப்பு. அதிகாலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அன்று மாலை விரியப்போகும் மொட்டு பால்போல் வெளுத்து உருண்டிருக்கும், நுனி இறுக மூடியிருக்கும். அடியில் பச்சை ஓடியிருந்தால் அது நாளைக்கு உரியது. பக்கத்திலுள்ள இளம் மொட்டு அசையாமல், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்போடு கிள்ளி மடித்துணியில் போட வேண்டும். ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் மொட்டுகள் இப்படியே எடுத்தாக வேண்டும். விட்டுப்போன மொட்டு அன்றிரவே செடியில் விரிந்துவிடும். விரிந்த பூவைச் சந்தையில் கேட்பாரில்லை.

இரண்டாம் ஆண்டுப் பங்குனியில் பறிக்க ஆள் வரவில்லை. வழக்கமாக வருபவர்கள், முன்கூட்டியே சொல்லிவைத்த வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். நானும் மனைவியும் முடிந்தவரை பறித்தோம். மூன்று இரவுகள் தோட்டமே வெள்ளையாக விரிந்து கிடந்தது. தெருமுனை வரை மணந்தது. அந்த மணம் அத்தனையும் எங்கள் உழைப்பு என்று நினைத்தபோது தூக்கம் வரவில்லை. பிறகு பறிக்கும் பெண்களில் மூத்த அக்கா ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "செடி வைக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையோடு பேசுகிறோம். அந்தப் பூவை இருட்டில் இனம்பிரித்து எடுக்கும் விரல்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பூ இல்லாத மாதங்களில் களையெடுப்பையும் கவாத்து வேலையையும் இப்போது அந்தப் பெண்களுக்கே ஒதுக்கிவிடுகிறேன். பறிகூலியை அன்றன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். பங்குனி பிறந்தால் அவர்கள் முதலில் எங்கள் தோட்டத்துக்குத்தான் வருகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் 10 சென்டில் தொடங்குங்கள். சுமார் 260 செடிகள்தான் வரும்; ஆள் வராத நாளிலும் வீட்டில் இருவர் எழுந்தால், சந்தைக்கு வண்டி கிளம்புவதற்குள் பறித்து முடித்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.