பின் கண்ணாடியப் பாக்காம பீட்டில் வாங்காதீங்க மக்களே!

மக்களே, எல்லாரும் நல்லா இருக்கியளா? எனக்க கையில என்ன இருக்குன்னு பாருங்க. ஓவல் பீட்டில்! ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரோட பொம்மை, பின் கண்ணாடி முட்டை வடிவம். 1:43 அளவு, அதாவது நெச வண்டிய 43ல ஒரு பங்கா சுருக்குனது. இது கெடைக்கல கெடைக்கலன்னு எத்தனை வீடியோவுல பொலம்பியிருக்கேன்! நேத்து திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துல, ஒரு கடையில மேல் தட்டுல, பலூன் பாக்கெட்டுக்குப் பொறத்தால கெடந்துச்சு.

விலையச் சொல்லியே ஆகணும். சேட்டன் 1,400 கேட்டாரு. பெட்டி மூலை ஒடுங்கி இருக்கத காட்டுனேன், 1,200 ஆச்சு. நான் வண்டியக் கீழ வைக்கவும் இல்ல, காச எடுக்கவும் இல்ல. 1,100. "களியக்காவிளை வரைக்கும் போணும் சேட்டா, பஸ்சுக்காவது விடுங்க"ன்னேன். சிரிச்சிட்டாரு. 1,000! நானூறு ரூவா கொறைச்சிருக்கேன் மக்களே, சும்மா இல்ல.

இப்ப இந்தப் பெரிய 1:18 பக்கத்துல வைக்கேன். போன மாசம் பெட்டி பிரிச்சோமே, அதே செவப்பு வண்டி. பெட்டியில 1955னு போட்டிருக்கு. பின்னால பாருங்க, பெரிய சதுரக் கண்ணாடி! 1953 தொடக்கம் வரைக்கும் பீட்டிலுக்குப் பின் கண்ணாடி ரெண்டு துண்டு. அதுக்கப்புறம் 1957 வரைக்கும் முட்டை வடிவம். பெரிய சதுரம் 1958 மாடல்லதான் வருது. அப்ப 1955 வண்டிக்கு இது எப்படி வரும்? இவ்ளோ காசு வாங்கிட்டு இதச் செய்யலாமா? எனக்கு ஆறவே இல்ல.

இந்த 1:18ல கதவு தொறக்கும், சரி. இடுக்கப் பாருங்க, ஒரு மில்லிமீட்டர். நெச வண்டியில அது 18 மில்லிமீட்டர், வெரலே உள்ள போயிரும்! என் 1:43ல கதவு தொறக்காது, அதனாலதான் உடம்பு வளைவு அப்படியே முழுசா நிக்குது. ஆனா பின்னால மூடியத் தொறந்தா எஞ்சின் தெரியுதே, அது இந்த 1:18லதான் இருக்கு. அத நான் கொறை சொல்ல மாட்டேன்.

1:64 பத்தி ரொம்பப் பேச வேண்டாம். ஹாட் வீல்ஸ்ங்கிற பொம்மைக் கார் பிராண்டு 1968ல மொதல்ல விட்ட 16 வண்டியிலயே ஒரு பீட்டில் உண்டு, மரியாதை உண்டு. ஆனா அது டிராக்குல பறக்கதுக்குச் செஞ்சது, சக்கரம் அதுக்கேத்த மாதிரிதான் இருக்கும். பழைய வண்டி சேக்கவங்களுக்கு ஆகாது.

ஆங், அளவு சொல்ல விட்டுட்டேன். இங்கிலீஷ்காரன் பொம்மை ரயில்ல ஒரு அடிய ஏழு மில்லிமீட்டரா எடுத்தான். ஒரு அடி 305 மில்லிமீட்டர், அத ஏழால வகுத்தா நாப்பத்திமூணரை. அங்கேருந்து வந்ததுதான் இந்த 1:43. நெச பீட்டில் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஸ்கேல் வச்சுப் பாத்தேன், ஒம்பதரை சென்டிமீட்டர். கச்சிதம்!

பழைய பொம்மை வண்டி வாங்குறவங்க அடித்தட்டயும் பாருங்க. இதெல்லாம் துத்தநாகக் கலவை. வார்க்கும்போது ஈயம் கலந்துட்டா, வருசம் போகப் போக உள்ளுக்குள்ள அரிச்சு, வீங்கி வெடிக்கும். ஈரம் பட்டா இன்னும் சீக்கிரம். நம்ம பக்கம் ரெண்டு மழையும் கொட்டும், கண்ணாடி அலமாரியில சிலிக்கா பாக்கெட் போட்டு வைங்க. பெயின்டுல மயிர்க்கோடு கண்டா அந்த வண்டிய விட்டுருங்க.

அடுத்து எனக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேணும். சென்னையில செஞ்ச வண்டி. அதுலயும் நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுல மட்டுந்தான் வந்துச்சு. 1:43ல எங்கயாவது பாத்தா கமென்ட்ல போடுங்க மக்களே, பெட்டி இல்லன்னாலும் வந்து வாங்கிக்கிடுதேன்.