ஜேன் கிழவி குடித்த தண்ணீர்

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, அட்லாண்டா தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். மணியடிக்கிற தம்பி இப்போதே மணியைக் கையில் எடுத்துவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு: அமெரிக்கத் தெற்கின் தலைமுறைப் பெண்கள் நம் நெஞ்சில் வாழ்வது நாவலிலா, திரையிலா? நாங்கள் திரை அணி.

எனக்கு முன்னால் நாவல் அணிக்காகப் பேசிய அண்ணன் ஆணித்தரமாகப் பேசினார். ஆலிஸ் வாக்கர் 1982-இல் எழுதிய 'தி கலர் பர்ப்பிள்' நாவலில் சீலி, ஷக் என்ற இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கிற காதலை, 1985-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படம் ஒரு முத்தத்தோடு முடித்துக்கொண்டது என்றார். உண்மை. வாக்கர் தானே எழுதிக் கொடுத்த திரைக்கதையைப் படத்தில் பயன்படுத்தவில்லை என்றார். அதுவும் உண்மை. 'ஃப்ரைடு க்ரீன் டொமேட்டோஸ்' படத்தில் இட்ஜி, ரூத் என்ற இரண்டு பெண்களுக்கு நடுவில் இருப்பது காதலா நட்பா என்று தெரியாமல் பூசி மெழுகிவிட்டார்கள் என்றார். ஒத்துக்கொள்கிறேன். நடுவர் குறித்துக்கொள்ளலாம், இந்த மூன்றையும் நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் முடிக்கும்போது ஒரு வார்த்தை விட்டாரே, கேட்டீர்களா? "படிக்கத் தெரிந்தவன் நாவலுக்குப் போவான், படிக்கச் சோம்பல்படுகிறவன் படத்துக்குப் போவான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். இடது பக்கத்திலிருந்து விசில்கூட வந்தது. அந்த விசிலுக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

அண்ணே, இந்தக் கதைகள் யாருடைய கதைகள்? இன்றைக்கு நாம் கூடியிருக்கிறோமே, இதே ஜார்ஜியாவில் 1829-இல் ஒரு சட்டம் போட்டார்கள். கறுப்பின மக்களுக்கு யாரும் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. சொல்லிக் கொடுத்தவர் வெள்ளைக்காரர் என்றால் அபராதம், ஜெயில். கறுப்பர் என்றால் சவுக்கடி. ஜார்ஜியா மட்டுமில்லை, தெற்கில் மாநிலத்துக்கு மாநிலம் இப்படிச் சட்டம் இருந்தது. எழுத்தைத் தொட்டதற்கே முதுகுத் தோலை உரித்த ஊரில் பிறந்த பெண்களின் கதையைப் பற்றிப் பேசும்போது, படிக்காதவனைச் சோம்பேறி என்கிறீர்களே, அது அடுக்குமா?

'தி கலர் பர்ப்பிள்' படத்தில் நெட்டி தன் அக்கா சீலிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். சீட்டுச் சீட்டாக எழுதி வீட்டுச் சாமான்மேல் எல்லாம் ஒட்டி வைத்திருப்பாள். இருக்கிற கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு எழுத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று தங்கை படுகிற அவசரம் இருக்கிறதே, ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

சரி, இன்னொரு கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் நான் இன்றைக்கு மேடை ஏறினேன்.

லூசியானாவில் பாயின்ட் கூப்பே என்று ஒரு வட்டாரம். அங்கே ஒரு பண்ணையில் 1933-இல் பிறந்தவர் எர்னஸ்ட் கெயின்ஸ். அந்தப் பண்ணையில் பெரியவர்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறுவன் கெயின்ஸ்தான் அவர்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுதான் பின்னால் 'தி ஆட்டோபயாகிராஃபி ஆஃப் மிஸ் ஜேன் பிட்மேன்' என்ற நாவலை எழுதியது. 1971-இல் வந்தது. அடிமையாகப் பிறந்து, 1962 வரைக்கும் வாழ்ந்து, கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தையும் பார்த்துவிட்ட நூற்றுப் பத்து வயதுக் கிழவி தன் கதையைச் சொல்கிறாள். எழுதவில்லை அண்ணே, சொல்கிறாள். ஒரு வரலாற்று ஆசிரியர் டேப்பில் பதிவு செய்துகொள்கிறார். நாவலுக்குள்ளேயே அது வாய்க் கதைதான்.

தலைமுறை என்றீர்களே, இதில் பாருங்கள். பிக் லாரா என்று ஒருத்தி, விடுதலை கிடைத்ததும் கூட்டத்தை அழைத்துக்கொண்டு வடக்கே நடக்கிறாள். வழியில் வெள்ளையர்கள் மறித்துக் கொல்கிறார்கள். அவள் பையன் நெட் தப்பிக்கிறான். அவன் கையில் என்ன இருக்கிறது தெரியுமா? அம்மா தீ மூட்டுகிற கல்லும் இரும்பும். ஏறக்குறைய பத்து வயதுப் பெண் ஜேன் அவனைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். வளர்க்கிறாள். அவன் பெரியவனாகிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். அதற்காக அவனையும் சுடுகிறார்கள். அப்புறம் அவள் கண்ணெதிரே வளர்ந்து, சிவில் உரிமைப் போராட்டத்தில் இறங்கிய ஜிம்மியையும் சுடுகிறார்கள். மூன்று சாவையும் தாண்டி நிற்கிறாள் கிழவி.

இந்த நாவலை 1974 ஜனவரியில் டிவி படமாகக் காட்டினார்கள். சிசிலி டைசன் ஜேனாக நடித்தார். ஒன்பது எம்மி விருது வாங்கிய படம். இதன் கடைசிக் காட்சியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நீதிமன்றக் கட்டடம். வெள்ளையர்களுக்கு மட்டும் என்று எழுதிய குடிநீர்க் குழாய். போலீஸ் நிற்கிறது. ஊர்ச் சனம் பார்க்கிறது. ஜேன் தடியை ஊன்றிக்கொண்டு தனியாக நடக்கிறாள். பேச்சு இல்லை. போகிறாள், போகிறாள், போய்க்கொண்டே இருக்கிறாள். குனிகிறாள். தண்ணீர் குடிக்கிறாள். திரும்பி நடக்கிறாள். அவ்வளவுதான்.

இதை நான் யாரோடு பார்த்தேன் தெரியுமா? சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் அப்பத்தாவோடு. அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் மட்டுமில்லை, தமிழும் படிக்கத் தெரியாது. கையில் சொம்போடு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ஏத்தா, கிழவி எங்க போறா?"

"தண்ணி குடிக்க, அப்பத்தா."

"அதுக்கு எதுக்குப் போலீசு நிக்கிது?"

"அது வெள்ளைக்காரங்க மட்டும் குடிக்கிற குழாய்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டாள்: "எங்க ஊரு டீக்கடையில தனி கிளாசு வச்சிருந்தாங்கல்ல, அது மாதிரியா?"

அதேதான் என்றேன். அதற்குமேல் என்னோடு பேச்சு கிடையாது. டிவியைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டாள். "மெதுவாப் போ ஆத்தா. அவங்கெ நிக்கட்டும். தண்ணி எங்கயும் ஓடிராது."

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்கிறேன் நடுவர் அவர்களே. நூற்றுப் பத்து வயதுக் கிழவி அங்கே நடக்கிறாள். இந்தப் பக்கம் என் அப்பத்தா வழி சொல்கிறாள்: "மெதுவாப் போ ஆத்தா. தண்ணி எங்கயும் ஓடிராது." ஜேன் குனிந்து குடிக்கிற வரைக்கும் அப்பத்தா தன் சொம்பை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஜேன் குடித்தாள். அப்பத்தாவும் மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னொருக்காப் போடு" என்றாள். போட்டேன். "இன்னொருக்கா" என்றாள். அதையும் போட்டேன்.

அப்புறம்தான் விஷயமே. "இவ எந்த ஊருத்தா?" லூசியானா என்றேன். "காரு போகுமா?" போகும், எட்டு மணி நேரம் ஆகும் என்றேன். "ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வந்துருவம். வெறுங்கையோட போகக் கூடாது. பெட்டியில ஒரு சுங்குடி புதுசா இருக்கு, அதை எடுத்து வையி."

அது கதை, அப்படி ஒருத்தி கிடையாது என்று சொன்னால் என்னைக் கோபித்துக்கொண்டாள். அப்பத்தா மட்டுமில்லை. நாவலைப் படித்தவர்களே ஜேன் நிஜம் என்று நம்பி விசாரித்து, இது என் கற்பனைதான் என்று கெயின்ஸ் சொல்ல வேண்டி வந்தது. அது நாவலின் பெருமை, நான் பிடுங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் சுங்குடிச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுக்க வைத்தது திரை.

அண்ணன் கை தூக்குகிறார். என்ன கேட்பார் என்று தெரியும். ஜேன் தண்ணீர் குடிக்கிற காட்சி நாவலில் இல்லையே என்பார். இல்லைதான். நாவலில் அந்தக் குழாயில் குடித்துக் கைதாவது ஓர் இளம்பெண். ஜிம்மி செத்த சேதி வந்த பிறகு, தடுத்து நிற்கிற பண்ணை முதலாளியைக் கடந்து ஜேன் போராட்டத்துக்குப் போகிறாள், அதோடு நாவல் முடிகிறது. அபாரமான முடிவு.

ஆனால் அதே நாவலின் முதல் பக்கங்களைப் புரட்டுங்கள் அண்ணே. அமெரிக்காவின் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடக்கிறது. வழியில் போகிற சிப்பாய்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்கச் சொல்லி எஜமானி ஒரு சின்னப் பெண்ணை அனுப்புகிறாள். அந்தப் பெண்தான் ஜேன். தெற்கத்திச் சிப்பாய்க்கும் கொடுக்கிறாள், வடக்கத்திச் சிப்பாய்க்கும் கொடுக்கிறாள். வெள்ளைக்காரன் குடிக்கத் தண்ணீர் தூக்கியவள் கடைசியில் வெள்ளைக்காரன் குழாயில் தானே குடிக்க வேண்டாமா? கெயின்ஸ் நட்ட விதை அது. படம் எடுத்தவர்கள் அதைக் கண்டுபிடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். படிக்கச் சோம்பல்பட்டவன் இதைச் செய்வானா? நாவலை வரி வரியாகப் படித்தவன்தான் செய்வான்.

காலத்தையும் பாருங்கள். பொது இடங்களில் நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்ற சட்டம் வந்தது 1964 ஜூலையில். படம் வந்தபோது பத்து வருஷம்கூட ஆகவில்லை. அந்த மாதிரிக் குழாயை விட்டு விலகிப் போனவர்கள் வீட்டில் உட்கார்ந்து அந்த நடையைப் பார்த்தார்கள். குழாய்ப் பக்கம் போகாதே என்று சின்ன வயதில் கையைப் பிடித்து இழுத்த அம்மாவும், இழுபட்ட பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாவலைத் தனியாகத்தான் படிக்க முடியும். இதை எல்லாரும் சேர்ந்து பார்த்தார்கள்.

இதே அட்லாண்டாவில், பீச்ட்ரீ தெருவில், 1939 டிசம்பரில் 'கான் வித் தி விண்ட்' படத்துக்கு முதல் காட்சி நடந்தது. அதில் நடித்த ஹாட்டி மெக்டேனியல் வர முடியவில்லை. கறுப்பினப் பெண் என்பதால் இந்த மாநிலத்தின் நிறப் பிரிவினைச் சட்டம் விடவில்லை. அந்த வேடத்துக்காகவே ஆஸ்கர் வாங்கினார், அந்த விருது விழாவிலும் தனி மேஜை. அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய திரைதான் 35 வருஷம் கழித்து ஜேனைக் குழாய் வரைக்கும் நடக்க விட்டது.

சிசிலி டைசன் அதோடு நிற்கவில்லை. 1991-இல் வந்த 'ஃப்ரைடு க்ரீன் டொமேட்டோஸ்' படத்தில் இரும்பு வாணலியை ஓங்கிக் குழந்தையைக் காப்பாற்றுகிற சிப்சி அவர்தான். 2011-இல் 'தி ஹெல்ப்' படத்தில் ஸ்கீட்டர் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை வளர்த்த கான்ஸ்டன்டைனும் அவர்தான். மூன்றும் தெற்கத்தி நாவல்கள். 2021-இல் 96 வயதில் காலமானார். படத்தில் வருகிற சிப்சியின் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் ஜூலியட் என்ற ஊருக்குப் போங்கள், இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாவல் எழுதிய ஃபேனி ஃப்ளாக், தன் பெரிய பாட்டி அலபாமாவில் நடத்திய சாப்பாட்டுக் கடையை மனதில் வைத்து எழுதினார். படத்துக்காக ஜூலியட்டில் ஒரு பழைய கடையைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றினார்கள். படப்பிடிப்பு முடிந்தும் அது மூடவில்லை, நிஜக் கடையாகிவிட்டது. பச்சைத் தக்காளியை வட்ட வட்டமாக நறுக்கி, சோள மாவில் புரட்டிப் பொரித்துச் சுடச்சுடக் கொடுக்கிறார்கள்.

முதல் மணி அடித்துவிட்டது. இன்னும் ஒன்றுதான், விடுங்கள் தம்பி.

கெயின்ஸை வளர்த்தவர் அவருடைய பெரிய அத்தை, ஆகஸ்டீன் ஜெஃபர்சன். அந்த அம்மாவால் வாழ்நாளில் ஒரு நாள்கூட நடக்க முடியவில்லை. தரையில் தவழ்ந்து தவழ்ந்தே சமைத்தார், துவைத்தார், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளை வளர்த்தார். அவரால் யார் வீட்டுக்கும் போக முடியாது என்பதால் ஊரே அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பையன் எழுத்தாளன் ஆனான். 'ஜேன் பிட்மேன்' நாவலின் சமர்ப்பணப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்: வாழ்நாளில் ஒரு நாளும் நடக்காதவர், ஆனால் நிற்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர்.

அண்ணே, நீங்கள் நாவல் கட்சி, நான் திரைக் கட்சி. தவழ்ந்த அந்த அத்தைக்கு முன்னால் நமக்கு என்ன கட்சி? அவர் நடக்காத நடையை எல்லாம் சேர்த்துத்தான் சிசிலி டைசன் அந்தக் குழாய் வரைக்கும் நடந்தார் என்று நான் மனதார நம்புகிறேன். இதற்கு என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள். என் அப்பத்தாவைக் கேளுங்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குச் சம்மதம். முன்வரிசையில் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிற அம்மாக்கள், அப்பத்தாக்கள், ஆச்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டி வந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: இன்று ராத்திரி அந்தப் படத்தைப் போட்டு அவர்களை முன்னால் உட்கார வையுங்கள். இங்கிலீஷ் தெரியாதே என்று யோசிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். இன்னொருக்காப் போடு என்றால் போடுங்கள். வணக்கம்.